எடுக்க வசதியான சர்வீஸ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓசூர்க் கம்பெனியில் டேபிள் டென்னிஸ் பழகிய பூங்கொடியின் கதை சொல்கிறேன்.

சர்வீஸ் போடக் கற்றுத் தரச் சொல்லி அவளே தன்னோடு வேலை பார்க்கும் முனிராஜிடம் வந்து கேட்டதும், ஆயுதபூஜைப் போட்டியில் இந்த வருஷம் நம் செக்‌ஷன்தான் ஜெயிக்கும் என்று அவன் அவள் பெயரைக் கொடுத்துவிட்டான்.

“உள்ளங்கைய விரிச்சு, பந்தை மேல போடுக்கா. மட்டையால உரசிச் சுத்த விடு. எதிராளி திணறணும்.”

“சுத்த வேணாம்ப்பா. நேரா, மெதுவா, எடுக்க வசதியாப் போகணும்.”

“எதிராளிக்குப் பாவம் பாக்கற ஆளை இப்பத்தான்க்கா பாக்கறேன்!”

அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்த பந்தை விட்டுவிட்டு அடுத்த சர்வீசுக்கு நின்றாள்.

போட்டியன்று அவள் வரவில்லை. முனிராஜ் கோபத்தோடு அவள் வீட்டுக்கே போனான்.

சாப்பாட்டு மேசையின் குறுக்கே துப்பட்டா கட்டியிருந்தது. அந்தப் பக்கம் நாற்காலியில் வாதம் வந்த புருஷன். மரத்துப்போன அவர் வலக்கையில் மட்டையைத் துணியால் கட்டியிருந்தாள்.

பூங்கொடி பந்தைப் போட்டாள். அது மட்டையருகே மெதுவாகப் போய்க் கீழே விழுந்தது. அடுத்ததை எடுத்தாள்.

“மாமா ஒரு தடவையாச்சும் எடுத்தாராக்கா?”

“இன்னும் இல்லப்பா.”

முனிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, பந்து பொறுக்க நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

உங்கள் வீட்டில் எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கட்டும், கண்ணுகளா.