வால்வடிக் குமிழி

காற்றடைத்த டிராக்டர் டியூப் அப்பாவின் பஞ்சர் கடைத் தரையில் யானைக்குட்டி போலப் படுத்திருக்கிறது. தங்கை கண்ணை மூடி, அதன்மேல் கன்னத்தை மெல்ல நகர்த்துகிறாள். "இங்கதான்ப்பா, ஊசி மாதிரி காத்து வருது." அப்பா அங்கே சோப்புத் தண்ணீர் தடவ, நுரை பொங்குகிறது. "இவ கன்னம் பொய் சொல்லாது," என்று டிரைவரிடம் பூரிக்கிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அக்காவுக்கு வயிறு எரிகிறது. அவள் துடைக்கும் துணியை எடுத்தாலே, "படிச்ச புள்ள, கையை அழுக்காக்காத, தள்ளி நில்லு" என்பார் அப்பா. அவள் என்ன விருந்தாளியா? ஒட்டுப் போட்டாகிவிட்டது. "நாளைக்கு உழவு இருக்கு, நடுவயல்ல காலை வாரிடாதம்மா," என்று தங்கையைச் சீண்டுகிறார் டிரைவர். "வாரினா என் பேரை மாத்திக்கிறேண்ணே!" அப்போது வால்வின் அடியில், வழிந்த சோப்புத் தண்ணீரில், கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைகிறது, மறுபடியும் ஊதுகிறது. அக்காவைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. அக்கா குனிந்து அதைத் துணியால் துடைத்துவிட்டு, "டயருக்குள்ள போட்டுடுங்கப்பா," என்கிறாள்.