பாலாற்றில் வந்த ஆத்தா

“செருப்பக் கழட்டிட்டு வாம்மா. ஆத்தா இருக்கிற எடம்” என்றாள் கமலம்.

சௌமியா கழற்றினாள். கூட வந்த கிரேன் டிரைவர் ஜான்சனும் கழற்றினான்.

ஆம்பூரைத் தாண்டி, பாலாற்று மணலில் பாதி புதைந்து கிடந்தது அந்தப் பெரிய மருதமரம். போன மழையில் வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு போனதில் வெளியே தலைகாட்டியது. எத்தனை தலைமுறை மண்ணுக்குள் கிடந்ததோ, இரும்பு மாதிரி இறுகிக் கறுத்திருந்தது. இப்போது அதன் இடுப்பில் மஞ்சள் புடவை. கழுத்து என்று யாரோ தீர்மானித்த இடத்தில் எலுமிச்சம்பழ மாலை.

“அக்கா, இது நான் ஏலத்துல எடுத்த மரம்.”

“மரத்த ஏலத்துல எடுத்திருப்ப. ஆத்தாவ யாரு ஏலம் வுட்டாங்க?”

கமலத்துக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கரையோரம் இட்லிக்கடை வைத்திருக்கும் கமலத்தைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு பந்தல்கூடப் போடமாட்டார்கள்.

ஷூ கம்பெனியில் டிசைன் வேலையை விட்டுவிட்டு, ஆற்று மரத்தில் மேசையும் சிலையும் செய்யப் போகிறேன் என்று கிளம்பியவள் சௌமியா. சொந்தத்தில் கிண்டல் செய்யாத ஆள் பாக்கி இல்லை. இப்போதுதான் முதல் பெரிய ஆர்டர். தோல் வியாபாரி தன்சீல் அகமது வீட்டில் அண்ணன் தம்பி குடும்பம் மொத்தமும் சேர்ந்து சாப்பிட ஒரு நீள மேசை. ஒட்டுப் போடாத ஒரே பலகையாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மரத்தை விட்டால் அப்படியொரு பலகைக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை இங்கே கோயில் கொட்டகை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிரேனும் லாரியுமாக விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

“ஜான்சன், நீங்க சங்கிலியப் போடுங்க.”

“நானா? வேற ஆளப் பாருங்க மேடம்.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவர்தானே?”

“சர்ச்சுக்குத்தான் போறோம். ஆனா நேத்து எங்க வூட்டம்மா இங்க வந்து தேங்கா ஒடச்சிட்டுப் போயிருக்கா. நான் சங்கிலி போட்டேன்னு தெரிஞ்சா எனக்கு சோறு கெடைக்காது.”

கமலம் குரலை உயர்த்தினாள். “இந்த ஏலம் கீலம் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, பிரியாணிக் கடைக்கு விறகு வெட்றவங்க கோடாலியும் கையுமா வந்துட்டாங்கம்மா. பாத்தா, விடியக்காலையில ஒரு மனுஷன் கை படாம, ஆத்தா தானா மஞ்ச பூசிக்கினு, பொட்டு வெச்சிக்கினு உக்காந்திருக்குது. கன்னத்துல போட்டுக்கினு போய்ட்டானுங்க. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

சௌமியா மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வேர்ப் பக்கம் வந்ததும் நின்றாள். அங்கே மரம் புடைத்துத் திரண்ட ஒரு பெரிய முண்டு, ஆள் தலையைவிட இரண்டு பங்கு இருக்கும். அதைத் தடவிப் பார்த்தாள்.

“அக்கா, குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுல ஊர்வலமா வர்றது எது?”

“சிரசு. ஆத்தாவோட தலை மட்டும்.”

“இந்த முண்டுல நானே உங்களுக்கு ஒரு சிரசு செதுக்கித் தர்றேன். செல்லு அரிக்காது, தண்ணியில உப்பாது. இங்கயே வெச்சிக் கும்பிடுங்க. மீதி மரத்த எனக்கு வுட்டுடுங்க.”

“ஆத்தா ஒடம்புல மேசையா?” என்று கூட்டத்தில் ஒருத்தி முறைத்தாள்.

கமலம் அவள் பக்கம் திரும்பினாள். “ஒரு குடும்பம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதுக்கு ஆத்தா கோவிச்சுக்குமா? புள்ளைங்களுக்கு சோறு போடறதுதான் அதுக்கு வேலையே” என்றாள்.

அவள் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பெண்களே புடவையை அவிழ்த்து மடித்து வைத்தார்கள். சௌமியா மரம் அறுக்கும் மெஷினைப் பிடித்து முண்டை அறுத்து எடுத்துக் கமலத்திடம் காட்ட, “ஓம் சக்தி” என்று கூட்டம் கும்பிட்டது. ஜான்சன் மூன்று முறை தோப்புக்கரணம் போட்டுவிட்டுச் சங்கிலியை மாட்டினான். மரம் ஆடாமல் அசையாமல் எழும்பி லாரியில் உட்கார்ந்தபோது சௌமியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

செதுக்க வேண்டிய முண்டை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன் சீட்டில் ஏறினாள். கமலம் மெல்ல ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள். கூட்டம் தூரத்தில் இருப்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்துச் சௌமியாவின் கையில் வைத்து மூடினாள்.

“இந்தா, உன் குங்குமச் சிமிழு. அன்னிக்கு இருட்டோட வந்து கட்டைக்கு மஞ்ச பூசிட்டு ஓடனியே, அப்ப கீழ போட்டுட்டுப் போய்ட்ட” என்றாள் கமலம். “அவசரத்துல பொட்டு வெக்க மறந்துட்ட. கோடாலிக்காரங்க வர்றதுக்குள்ள நான்தான் ஓடிப்போய் வெச்சேன்.”