கை நனைக்காத செனட்டர்

"தண்ணிகூடத் தொடேல்லை, கவனிச்சனியோ?"

பேனாட் குசினிக்குள் வந்து மனைவியின் காதருகே முணுமுணுத்தார். வந்த கையோடு திரும்பவும் கதவிடுக்கால் ஹோலை எட்டிப் பார்த்தார். இந்த ஒரு மணித்தியாலமாக அவருக்கு இதுதான் வேலை. குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து நடந்தே மனிசன் களைத்துப்போனார்.

"பொறுங்கோப்பா. புது இடம், கூச்சமாயிருக்கும்" என்றாள் செலீன், இறைச்சிக் கறியைக் கிளறியபடி.

கூச்சமாம்! மேடைக்கு மேடை ஏறி வாக்குக் கேட்கிறவருக்கு மொன்றியலில் ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டுக்கு வந்து கூச்சமாம்.

ஹோலில் இருந்தவர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் செனட்டர்களில் ஒருவர். வருகிற நவம்பரில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுகிறார். பக்கத்தில் அவருடைய மனைவியும் மகன் ஈத்தனும். மோர்மன் சபைக் குடும்பம். சில வருடங்களுக்கு முன் ஈத்தன் முதன்முதலாக மொன்றியலுக்கு வந்ததே ஊழியத்துக்குத்தான். வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புப் பெயர்ப்பட்டியுமாக வீடு வீடாகத் தட்டித் திரிந்தவன் இந்தக் கதவையும் தட்டினான். பேனாட் சுவரில் இருந்த மடு மாதா படத்தைக் காட்டி, இங்கே உன்னுடைய பருப்பு வேகாது தம்பி என்ற கருத்துப்படப் பிரெஞ்சில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊழியம் முடிந்து ஊருக்குப் போனவன் படிக்கவென்று திரும்பி வந்தான். அவன் சேர்ந்த பல்கலைக்கழகத்தில்தான் பேனாட்டின் மகள் ஜெயனியும் படித்தாள். பருப்பு நன்றாகவே வெந்துவிட்டது.

பேனாட் இன்னும் சம்மதிக்கவில்லை. பெடியனில் அவருக்குக் குறையில்லை. பங்குக் கோயிலிலேயே கலியாணம் என்றதற்கும் அவன் தலையாட்டிவிட்டான். ஆனால் தாயும் தகப்பனும் மனதார வந்து பெண் கேட்டால்தான் மேற்கொண்டு கதை என்று பேனாட் ஒரே பிடியாய் நின்றார். மாதக்கணக்காக ஜெயனி வீட்டில் சிரிக்கவேயில்லை.

இன்றைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய சமயத்தில் தேத்தண்ணி, கோப்பி, மது மூன்றும் ஆகாது என்று ஜெயனி படித்துப் படித்துச் சொன்னதால், தேயிலை டின் அலுமாரிக்குள்ளும் வைன் போத்தல் கராஜுக்குள்ளும் ஒளிந்துகொண்டன. செலீன் தேசிக்காய் பிழிந்து வைத்தாள். விடியவே எழும்பி ரோல்ஸும் கட்லட்டும் பொரித்தாள். அத்தனையும் வைத்தது வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தன.

தேர்தல் நேரம்தானே அத்தான், என்று ஆரம்பித்தான் செலீனின் தம்பி ஹென்றி. குசினி மேசையில் இருந்து ரோல்ஸைத் தின்றுகொண்டே அமெரிக்க அரசியல் முழுவதையும் விளக்கினான். கடைசியாக அவன் சொன்னதுதான் பேனாட்டின் நெஞ்சில் போய்த் தைத்தது.

"அகதியா வந்த வீட்டில, அதுவும் வேற வேதத்தில பொம்பிளை எடுத்தால் அங்க ஆர் வோட்டுப் போடுவினம்? மாட்டம் எண்டு சொல்லத்தான் மரியாதைக்கு வந்து இருக்கினம்."

பேனாட் மறுபடி எட்டிப் பார்த்தார். செனட்டர் நிமிசத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். எப்போது எழும்பலாம் என்று இருக்கிறார் போலும். மனைவி ரோல்ஸ் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். செலீன் மகளிடம் களவாகக் கொடுத்துவிடும் ரோல்ஸை ஒரே மூச்சில் முடிக்கிற ஈத்தன்கூட இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைக்காமல் எழும்பினால் என்ன அர்த்தம் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெயனி குசினிக்குள் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கும் விளங்கேல்லை அப்பா. ஈத்தனைக் கேட்டால் பேந்து சொல்லுறன் எண்டுறான்."

மகளின் முகத்தைப் பார்த்ததும் பேனாட்டுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று ஹோலுக்குப் போனார். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி இறக்கிப் பழகிய ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி கொட்டினார். எங்கள் ஆட்கள் வேண்டாத சம்பந்தம் என்றால்தான் சாப்பிடாமல் போவார்கள். எங்களால் உங்களுக்கு வாக்குக் குறையுமென்றால் நேரே சொல்லுங்கள். என் பிள்ளை ஒன்றும் ரோட்டில் கிடக்கவில்லை.

செனட்டரின் முகம் சிவந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜெயனியைப் பக்கத்தில் இருத்தி, தகப்பனுக்கு அவருடைய மொழியிலேயே சொல்லும்படி, மெதுவாக ஏதோ சொன்னாள். கேட்கக் கேட்க ஜெயனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவை மூண்டு பேரும் நேற்றையில இருந்து ஒருசந்தியாம் அப்பா. தண்ணியும் குடிக்கிறேல்லையாம். இண்டைக்குப் பின்னேரம், இன்னும் கொஞ்ச நேரத்திலதான் முடியுமாம். ஒரு காரியம் சரிவரோணும் எண்டால் குடும்பமா அப்பிடி இருக்கிறவையாம். ஒருசந்தி இருக்கிறதை வெளியில சொல்லக்கூடாதாம்."

தவக்காலம் வந்தால் சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வதும் அதுதான். ஆனாலும் பேனாட் இறங்கி வருவதாயில்லை.

"தேர்தலில வெல்லவோ?"

ஜெயனி அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள். "இல்லை அப்பா. நீங்கள் ஓம் எண்டு சொல்லோணும் எண்டு."

பேனாட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார்.

"செலீன், சோத்தைப் போடு."