நாற்பத்திமூன்று தடவை

"வீட்டுக் கடன் கிடைக்காது சார்," என்றார் வங்கி மேலாளர், எதிரே மனைவியோடு உட்கார்ந்திருந்தவரிடம். "ஒரு கடன் வசூல் கம்பெனி உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை ரெண்டே மாசத்துல நாற்பத்திமூணு தடவை திறந்து பார்த்திருக்கு. அவங்க வலைவீசித் தேடுற ஆளுக்கு நாங்க எப்படிக் கொடுக்கிறது?"

"யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை சார்!"

"பாக்கி வச்சவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

மனைவி முறைத்தாள். "எனக்குத் தெரியாம எங்கே வாங்கித் தொலைச்சீங்க?"

மேலாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஏங்க, இது நீங்க வேலை பார்க்கிற கம்பெனியாச்சே!"

கணவர் தலையைச் சொறிந்தார். "தினமும் காலையில கம்ப்யூட்டர் சரியா வேலை செய்யுதான்னு முதல்ல என் பான் நம்பரைப் போட்டு என் ரிப்போர்ட்டைத்தான் திறந்து பார்ப்பேன்..."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து மேலாளரிடம் சொன்னாள்:

"நாற்பத்திமூணு தடவை தேடினதுக்கு ஆளு வசமா சிக்கிட்டாரு!"