வாபஸ் வாங்கிய ஓய்வு

"தனக்கொடி டீச்சர் விருப்ப ஓய்வ வாபஸ் வாங்கிட்டாங்களாம்" என்றாள் சக ஆசிரியை தேவி.

செல்வகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. சுத்துக்கேணிக்கு அருகிலிருந்த அந்தப் பள்ளியில் தனக்கொடியும் அவளும்தான் கணக்கு ஆசிரியைகள். அவளுக்குத் தொலைவிலுள்ள காரைக்காலுக்கு மாறுதல் வந்திருந்தது. வீட்டில் பால்குடிக்கும் குழந்தை. தனக்கொடி ஓய்வு பெற்றால், பள்ளிக்கு ஆளில்லை என்று சொல்லி மாறுதலை நிறுத்திவிடலாம் என்று நம்பியிருந்தாள்.

"முட்டி வலி, படி ஏற முடியலன்னு பொலம்பினாங்க. இப்ப இன்னாவாம்? சம்பளத்த வுட மனசு வரல போல."

தேவி சொல்லி முடிக்கும்போதே தனக்கொடி ஆசிரியர் அறைக்குள் வந்தார்.

"உங்களத்தான டீச்சர் நம்பியிருந்தேன்?" என்றாள் செல்வகுமாரி.

"நானும் அப்பிடித்தாம்மா நெனச்சேன். ஆபீஸ்ல கேட்டா, இங்க ஆளு இருக்கோ இல்லியோ, காரைக்காலுக்கு ஒரு கணக்கு டீச்சர் போயே ஆவணும்னுட்டாங்க. நான் ரிட்டயர் ஆயிட்டா, அனுப்ப உன்ன வுட்டா வேற ஆளு ஏது?"

செல்வகுமாரி புரியாமல் பார்த்தாள்.

"அதான், உனக்குப் பதிலா நான் போறேன்னு சொல்லிட்டேன். ஒத்துக்கினாங்க. திங்கக்கிழமை கெளம்புறேன்."

"இந்த முட்டியோடயா டீச்சர்?" என்றாள் தேவி.

"திருநள்ளாறு பக்கத்துலதான இருக்கு. சனீஸ்வரன் பாத்துக்குவாரு" என்று சிரித்த தனக்கொடி, செல்வகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம் புள்ள பால் மறந்து, எழுந்து நடக்கட்டும்டி. அப்புறம் ரிட்டயர் ஆவுறேன்."