சூசையின் செருப்பு

வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாதவன் என்று சூசையின் மேல் தெருவுக்கே வருத்தம். அவன் மனைவி அமலோற்பவத்துக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிய வேண்டுமென்றுதான் அந்த டயர் செருப்பை அவன் சரட்டுச் சரட்டென்று இழுத்து நடந்தான். வெளியே கிளம்பினால் அவன் முன்னால் போவான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போவாள்.

அவனை அடக்கம் செய்த மறுமாதம், பக்கத்து வீட்டு ரோணிக்கத்தின் கையைப் பிடித்தபடி அமலோற்பவம் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தாள். காலில் சூசையின் செருப்பு, அளவு பெரிதாக.

"கண் தெரியாதவங்க பென்ஷன் ஏற்கெனவே வாங்குறீங்க. விதவை பென்ஷனையும் சேத்துத் தர விதி இல்லக்கா," என்றாள் சீட்டில் இருந்த பெண், தணிந்த குரலில். "ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க, அதையே போட்டுடுறேன்."

"அண்ணன் பேரச் சொல்லி வர்ற காசு. அதையே வாங்குங்க மைனி," என்று ரோணிக்கம் காதோடு சொன்னாள்.

அமலோற்பவம் செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள்.

"அவுக இருந்தவரைக்கும் கண்ணு தெரியாதவன்னு சொல்லிக் காசு வாங்க எனக்குக் கூச்சமா இருக்கும் தாயி. ஏமாத்தி வாங்குற மாதிரி. இப்பத்தான எனக்குக் கண்ணு தெரியல. பழசே இருக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்ததும் ரோணிக்கத்தின் கையை விட்டுவிட்டுச் செருப்பை இழுத்து நடந்தாள். சரட்டுச் சரட்டென்று சத்தம் முன்னால் போயிற்று. அவள் நின்றாள். அதுவும் அவளுக்காக நின்றது.