பூச்சி கொல்லும் காலை

நாம் டின் என்ற நகரத்துச் சந்து வீட்டில், விடியும் முன்பே கிண்ணத்தோடு மருமகளின் கட்டிலருகே நின்றாள் துயெத்.

"எழுந்திரு குயென். அஞ்சாம் மாசம் அஞ்சாம் நாள், பூச்சி கொல்லுற பண்டிகை. கண் முழிச்சதும் வெறும் வயித்துல சாப்பிட்டாத்தான் வயித்துப் பூச்சி சாகும்."

மூன்று நாள் புளித்த கறுப்புக் கவுனிச் சோறு. கள் வாசம் தூக்கியது.

"வேண்டாம் அத்தை."

"நாலு நாளா நீ வெளிக்குப் போகலை. பாத்ரூம்ல முக்குறது அடுப்படி வரைக்கும் கேக்குது. உனக்காகத்தானே செஞ்சேன்!"

"ரெண்டு வாய் தின்னாலும் மூச்சு காட்டிக்கொடுத்துடும். பாலத்துல போலீஸ் ஊதச் சொல்லும்."

"பண்டிகை அன்னிக்குமா?"

"அன்னிக்குத்தான் கண்டிப்பா."

துயெத்தின் முகம் வாடியது. மருமகள் வந்தபின் முதல் பண்டிகை.

குயென் அவள் கையைப் பிடித்தாள். "மதியம் ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சு வெறும் வயித்தோட வந்து பத்து நிமிஷம் தூங்குறேன். எழுப்பி ஊட்டி விடுங்க. பூச்சி என்ன கடிகாரமா கட்டியிருக்கு?"

துயெத் சிரித்துவிட்டாள். "ரெண்டு கிண்ணம் ஊட்டுவேன், பார்த்துக்கோ!"

குயென் எழுந்து குளித்து, சீருடை மாட்டி, தொப்பியைச் சரிசெய்தாள். "ஸ்டேஷன்ல முதல்ல நான் ஊதிக் காட்டணும் அத்தை. அப்புறம்தான் பாலத்துல நின்னு ஊரையே ஊதச் சொல்ல முடியும்."

எதிர்வீட்டு லுவா வாயைத் துடைத்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். துயெத் வாசலுக்கு ஓடினாள்.

"அடியே லுவா, வண்டியை உள்ளே வை! இன்னைக்குப் பாலத்துல என் மருமக டூட்டி. எல்லாரும் சந்தைக்கு நடந்தே போங்கடி!"